டெஸ்டுக்கு அகப்படாத கம்பி

திண்டுக்கல்லில் போன் வைத்திருந்த எல்லோரிடமும் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். பூட்டு வியாபாரி, புகையிலை மண்டிக்காரர், தோல் ஷாப்பு முதலாளி, டாக்டர் வீட்டு அம்மா, ஒருவர் பாக்கி இல்லை. மதுரைக்கு ட்ரங்க் கால் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனால், நான்தான் வேண்டுமென்றே கம்பியைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர்கள் நினைப்பு. நானும் லேசுப்பட்டவள் இல்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. டெலிபோன் எக்சேஞ்சில் நாலு பெண்கள் இருந்தோம். வேகத்துக்கும் வாய்க்கும் பேர் எடுத்தவள் நான். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆனாலும் அந்த மிதப்புக்குக் குறைச்சல் இல்லை.

எனக்கு முன்னால் ஒரு பலகை நிறையக் குட்டிக் குட்டி விளக்குகள். ஊரில் யாராவது போனைக் கையில் எடுத்தால் அவர் நம்பருக்கு நேரே விளக்கு எரியும். பிளக்கைச் செருகிக் கேட்பேன், கேட்ட நம்பருக்கு மணியடித்துக் கொடுப்பேன். போன் கெட்டுப்போனால் வரும் புகார்களை எழுதும் வேலையும் பகலில் என் தலையில்தான். ஒரு புகாருக்கு ஒரு சீட்டு. டாக்கெட் என்போம். நம்பர், என்ன கோளாறு, டெஸ்ட் முடிவு, கையெழுத்து என்று அதில் நாலு கட்டம். லைன்மேன் போய்ச் சரிசெய்துவிட்டுக் கூப்பிடுவார். நான் பிளக்கைப் போட்டுப் பேசிப் பார்ப்பேன். நன்றாகக் கேட்டால் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்கெட்டை முடித்துவிடுவேன்.

பேகம்பூர்ப் பக்கத்து லைன்மேனை நான் நேரில் பார்த்தது ஐந்தாறு தடவைதான் இருக்கும், அதுவும் சம்பள நாளில் தூரத்தில். மற்றபடி எனக்கு அவர் ஒரு குரல், அவருக்கு நான் ஒரு குரல். கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு, தோளில் தொங்கும் டெஸ்ட் போனைக் கம்பியில் மாட்டி என்னைக் கூப்பிடுவார். முப்பத்தைந்து வயதிருக்கும். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அவருடைய அத்தா தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

"என்ன தங்கச்சி, காலையிலயே தொண்டை கட்டியிருக்கு? யாரோட சண்டை?"

"உங்க ஏரியா தோல் ஷாப்பு முதலாளியோடதான். அவர் ஹலோன்னு கத்துறதுக்குப் போனே வேணாம்ணே. மொட்டை மாடியில நின்னு கத்துனா மதுரைக்குக் கேக்கும்."

அவர் சிரிப்பது கம்பி வழியாக வரும். சில நாள் வேலை முடிந்த பிறகும் செத்த நேரம் பேசுவார். "சிறுமலைப் பக்கம் இருட்டிக்கிட்டு வருது. துணி காயப் போட்டிருந்தா வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லு." எங்கள் வீட்டில் போன் கிடையாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வார். ஊருக்கெல்லாம் கம்பியைக் கோத்துக் கொடுக்கிறவள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கும் அம்மாவும் தங்கச்சியும்தான். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நத்தம் ரோட்டில் இருந்த கொஞ்சம் புஞ்சையும் அவரோடு போயிற்று. என் சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம், தங்கச்சி டீச்சர் ட்ரெய்னிங் படித்தாள்.

அவருடைய ஏரியாவில் ஒரு சங்கடம் உண்டு. கேபிளை மண்ணுக்குள் புதைக்கக் குழி வெட்டினால் ஒரு முழத்தில் பாறை வந்துவிடும். அதனால் தோல் ஷாப்புகள் இருந்த ரோட்டில் மட்டும் கேபிளை மேலே கட்டியிருந்தார்கள். அது ஈய உறை போட்ட கேபிள், நல்ல கனம். தன் கனத்தைத் தானே தாங்காது. அதனால் கம்பத்துக்குக் கம்பம் முதலில் ஓர் இரும்புக் கம்பியை விறைப்பாக இழுத்து, கிளாம்பு என்ற இரும்புப் பிடியால் இறுக்கிக் கட்டி, அதிலிருந்து முழத்துக்கு ஒரு வளையம் போட்டுக் கேபிளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பேச்செல்லாம் கேபிளுக்குள் போகும். தாங்கு கம்பியில் பேச்சும் போகாது, கரண்டும் போகாது. அதற்கு வேலை தாங்குவது மட்டும்தான்.

இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே வளையம் கழன்றுபோனால் ஏணி எட்டாது. அப்போது கப்பி வைத்த பலகை ஒன்றைத் தாங்கு கம்பியில் மாட்டி, அதில் உட்கார்ந்து, கையால் கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடுவுக்குப் போவார்கள். உட்காருவதற்கு முன்னால் ஒரு சடங்கு இருக்கிறது. கம்பியின் மேல் கயிற்றை வீசி, அதன் இரண்டு முனையையும் பிடித்து இரண்டு ஆள் தொங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு ஆளைத் தாங்கினால் ஓர் ஆளைத் தாங்கும் என்று கணக்கு. புதுக் கம்பி என்றால் அது வேண்டியதில்லை, இழுத்துக் கட்டும்போதே அதைவிடப் பலமாக இழுத்திருப்பார்கள்.

ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். குரலில் விளையாட்டு இல்லை.

"தங்கச்சி, ஒரு டாக்கெட் எழுது. தோல் ஷாப்பு ரோட்டுல மூணாவது கம்பம். தாங்கு கம்பி கிளாம்புக்குள்ள துருவேறிப் போச்சு."

"எந்த நம்பர்ணே கெட்டிருக்கு?"

"நம்பர் ஒண்ணும் கெடல. பேச்செல்லாம் கணீர்னு இருக்கு. கம்பிதான் கெட்டிருக்கு. வெளிய பாத்தா நல்லாத்தான் தெரியுது. கிளாம்பை லேசா நெகிழ்த்திப் பாத்தேன், உள்ள மாவு மாதிரிக் கொட்டுது. எதுத்தாப்புல தோல் காயப்போட்டு உப்பைத் தட்டுறாங்கல்ல, அம்புட்டும் பறந்து வந்து இங்கனதான் அடையுது. பனி விழுந்தா நனையுது. மதுரையில இருந்து ஆள் வந்து மாத்தணும். மாத்துற வரைக்கும் நான் பலகை போட மாட்டேன். அதையும் எழுதிக்க."

டாக்கெட்டில் நம்பர் எழுதாமல் முடியாது. தாங்கு கம்பிக்கு நம்பர் ஏது? அதனால் அந்தக் கேபிளில் முதலில் இருந்த தோல் ஷாப்பு நம்பரை எழுதினேன். கோளாறு என்ற கட்டத்தில் தாங்கு கம்பி துரு என்று எழுதினேன். பலகை போட மாட்டேன் என்பதை எழுத அந்தச் சீட்டில் இடம் இல்லை, எழுதவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, மதுரை ஆள் வரும்போது சொல்லலாம் என்று பாக்கி டாக்கெட் கட்டுக்குள் செருகினார்.

அடுத்த வாரம் லைன்மேன் அண்ணன் லீவில் போய்விட்டார். மச்சினன் கல்யாணம், நத்தத்தில். பத்து நாள்.

அந்தப் பத்து நாளில்தான் இன்ஸ்பெக்ஷன் வந்தது. இன்ஸ்பெக்ஷன் என்றால் எங்கள் எக்சேஞ்சு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்குப் பச்சை, பெல்ட்டுக்குப் பாலிஷ். ரோட்டில் இருக்கும் கம்பங்களுக்கெல்லாம் வெள்ளிப் பெயிண்ட், கிளாம்புக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அடிப்பதற்கு மதுரையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கம்பி மாற்றத் தெரிந்த ஆட்கள் இல்லை அவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள். துருவின் மேலேயே அடித்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே எங்களுக்கு வேறு பெயிண்ட். டாக்கெட் பாக்கி இருக்கக் கூடாது. முப்பதுக்கு மேல் கிடந்தன. சூப்பர்வைசர் அந்தக் கட்டை என் முன்னால் வைத்து, "நீதாம்மா வேகமா முடிப்பே" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். தலைக்கு மேல் வேலை கிடந்தாலும், என்னைப் போல் யாரும் இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் பறந்து பறந்து செய்வேன். ஒவ்வொரு நம்பராகப் போட்டேன். "எக்சேஞ்சுல இருந்து பேசறோம், நல்லாக் கேக்குதுங்களா?" கேட்கிறது என்றார்கள். ஓகே, கையெழுத்து. அடுத்தது.

தோல் ஷாப்பு டாக்கெட் வந்தது. கோளாறு என்ன என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. படித்தேன். என் கையெழுத்திலேயே இருந்ததைப் படித்தேன். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் அதையும் பார்த்திருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் ஓடியது. கம்பியை எப்படி டெஸ்ட் செய்வது? என் கையில் இருந்தது ஒரு பிளக். நம்பரைப் போட்டேன், முதலாளி காது கிழியக் கத்தினார். லைன் ஓகே. கையெழுத்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள் கட்டு முழுவதும் முடிந்தது. இன்ஸ்பெக்ஷன் ஆபீசர் பாக்கி ஒன்றும் இல்லை என்று ரெஜிஸ்டரில் பாராட்டி எழுதினார். அன்று வீட்டுக்குப் போகும்போது அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போனேன்.

லீவு முடிந்து வந்த மறுநாள் பத்தரை மணிக்கு அவர் கூப்பிட்டார். போர்டில் கூட்டமான நேரம். மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"தங்கச்சி, தோல் ஷாப்பு ரோட்டுல நடுவால நாலு வளையம் கழண்டு கேபிள் தொங்குது. பலகை போடணும். நான் குடுத்த டாக்கெட் என்னாச்சு? கிளாம்பெல்லாம் புதுசாட்டம் கறுப்பா இருக்கு."

டாக்கெட் கட்டைப் புரட்டினேன். என் கையெழுத்து இருந்தது.

"முடிஞ்சிருச்சுண்ணே."

"கம்பியை மாத்திட்டாங்களா?"

நாலாவது விளக்கும் எரிந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. "மாத்தாமலா முடிப்பாங்க? நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்ணே. வைங்க, இங்க உயிர் போகுது."

"சரி சரி, கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். தெரியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கயிற்றைப் போட்டுத் தொங்கிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எரிச்சலாக இருந்தது, அதனால் மாற்றியாகிவிட்டது என்று சொன்னேன். இதற்கு மேல் இதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை.

அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது. தோல் ஷாப்பு ரோட்டு நம்பர்களின் விளக்கு அத்தனையும் ஒரே சமயத்தில் எரிந்தன. வரிசையாக, ஒன்று பாக்கி இல்லாமல். இத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்களா என்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். ஒவ்வொரு பிளக்காகப் போட்டுப் பார்த்தேன். எதிலும் பேச்சு இல்லை, கரகரவென்று இரைச்சல்தான். கேபிள் போய்விட்டது என்று புரிந்தது. ஒரு புது டாக்கெட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். அதற்குள் அவரோடு வேலை பார்த்த ஆள் சைக்கிளில் வந்து வாசலில் விழுந்தார். அந்த ரோட்டில் ஒரு போனும் வேலை செய்யாததால் அவர் சைக்கிளில்தான் வர வேண்டியிருந்தது.

அண்ணன் பலகையோடு விழுந்திருந்தார். மூணு ஆள் உயரம். கீழே பாறை. கம்பி கிளாம்பை ஒட்டி அறுந்திருந்தது.

உயிர் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, இனிமேல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த இரண்டு மாதமும் நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். பத்தரை மணிக்கு அவர் கூப்பிட்டது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்தவளுக்கு அவளுடைய போர்டே பெரும்பாடு. அவரோடு வேலை பார்த்த ஆள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார், மேலே பேசியது காதில் விழவில்லை. அம்மா மட்டும், "ஏன்டி, முந்தி மாதிரி வாய் பேச மாட்டேங்குற?" என்று ஒரு நாள் கேட்டாள். தலைவலி என்றேன். சொல்லியிருந்தால் அவள், வேலை போய்விடுமா என்றுதான் முதலில் கேட்டிருப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது.

விசாரணைக்கு மதுரையிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். சூப்பர்வைசர் மேஜை மேல் பழைய பேப்பரை விரித்து, அறுந்த கம்பியின் முனையை அதில் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் போவதற்காக நான் டாக்கெட் கட்டோடு ஓரமாக நின்றேன். அதுவரைக்கும் தாங்கு கம்பியை நான் கண்ணால் பார்த்தது இல்லை. ஒரே கம்பி என்று நினைத்திருந்தேன். ஏழு கம்பிகளை முறுக்கி ஒன்றாக்கியிருந்தார்கள். அதில் ஐந்து முனைகள் காப்பிப்பொடி நிறத்தில் கூராகத் தேய்ந்திருந்தன. இரண்டு மட்டும் வெள்ளையாகப் பளபளத்தன.

"இந்த அஞ்சும் எப்பவோ போயிருச்சு" என்று இன்ஜினீயர் சூப்பர்வைசரிடம் பென்சிலால் தொட்டுக் காட்டினார். "இந்த ரெண்டுதான் அன்னைக்கு அறுந்தது. இரும்புக்கு மேல துத்தநாகம் பூசியிருக்கோம். உப்பு முதல்ல அதைத் தின்னும். அது இருக்கிற வரைக்கும் இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. அது தீர்ந்துச்சுன்னா இரும்பு சீக்கிரம் போயிரும். வெயில்லயும் காத்துலயும் கிடக்கிற இடம் இருபது வருஷம் தாங்கும். கிளாம்புக்குள்ள ஈரம் காயாத இடம்தான் போகும். கேபிளை ரெண்டு கம்பியே தாங்கிக்கிட்டு இருந்திருக்கு பாருங்க. ஆள் ஏறினதும் தாங்கல."

இரண்டு கம்பி எத்தனை மாதமாகத் தாங்கிக்கொண்டிருந்ததோ. அந்த மாதமெல்லாம் தோல் ஷாப்பு முதலாளி ஹலோ என்று கத்தியதும் நான் ஓகே எழுதியதும் அதன் தயவில்தான்.

பிறகு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவருடைய வாக்குமூலம் வாங்க வேண்டும். போகும் வழியில் சூப்பர்வைசர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "கயிறு போட்டுப் பாக்கலைன்னா அவன் கவனக்குறைவுன்னு ஆயிரும்மா. வேலையும் போச்சு, பென்ஷனும் இல்ல. மூணு பிள்ளை. யாராச்சும் கம்பி புதுசுன்னு தப்பாச் சொல்லியிருந்தா மட்டும் அவன் தப்பிப்பான். அப்புறம் சொன்னவங்க வேலை போயிரும்." அவருக்கு என் மேல் சந்தேகம் இருந்ததா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

இரும்புக் கட்டிலில் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். சம்பள நாளில் தூரத்தில் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தது. கால்மாட்டில் அவர் மனைவி நின்றிருந்தார். இன்ஜினீயர் முதலில் என்னைக் கேட்டார். இந்தக் கையெழுத்து உங்களுடையதா? ஆமாம் சார். என்ன டெஸ்ட் செய்தீர்கள்? லைன் டெஸ்ட் சார். எப்படி இருந்தது? ஓகே சார். அவர் தலையை ஆட்டினார். டாக்கெட்டில் தாங்கு கம்பிக்குக் கட்டமே இல்லை, இந்தப் பெண் விதிப்படிதான் செய்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். அப்புறம் கட்டில் பக்கம் திரும்பினார்.

"கயிறு போட்டுத் தொங்கிப் பாத்தீங்களா?"

"இல்லைங்க சார்."

"ஏன்?"

"புதுக் கம்பின்னு நெனச்சேங்க."

"கம்பி துருன்னு டாக்கெட் குடுத்ததே நீங்கதானே. புதுசுன்னு யார் சொன்னது?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் டாக்கெட் கட்டு. வாயைத் திறக்க வேண்டியதுதான். நான்தான் சார் சொன்னேன், மூன்று வார்த்தை. நாள் முழுக்கப் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த மூன்று வார்த்தை வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

"யாரும் சொல்லலைங்க" என்றார் அவர். "கிளாம்புல பெயிண்டப் பாத்து நானா நெனச்சுக்கிட்டேன்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. இன்ஜினீயர் அதை எழுதி, அவர் கையில் பேனாவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

சொந்தக் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. அவரை வேலையிலிருந்து விடுவித்தார்கள். பென்ஷன் இல்லை. தோல் ஷாப்பு ரோட்டில் ஒரே வாரத்தில் புதுத் தாங்கு கம்பி இழுத்தார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கிளாம்பையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அவர் மனைவி தோல் ஷாப்பில் வேலைக்குப் போகிறார், தோலிலிருந்து கொட்டுகிற உப்பைக் கூட்டி அள்ளுகிற வேலை என்று, அவர் இடத்துக்கு வந்த புது லைன்மேன் ஒரு நாள் கம்பத்திலிருந்து சொன்னார். நான் லைனை எடுத்துவிட்டேன்.

அவரைப் பார்க்க எட்டு மாதம் நான் போகவில்லை. போக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்துக்கொள்வேன், ஏதாவது வேலை வந்துவிடும். வராவிட்டால் வரவழைத்துக்கொள்வேன். பிறகு என்னை நிரந்தரமாக்கிய உத்தரவு வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். இனி வேலை போகாது, இப்போதாவது சொல்லலாம் என்று தோன்றியது. வேலை போகாது என்று தெரிந்த பிறகு வந்த தைரியம் அது. எனக்கே அது அசிங்கமாக இருந்தது, ஆனாலும் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புக்கு லீவு, அவர் மனைவி வீட்டில் இருப்பார் என்று அன்றைக்குப் போனேன். ஆயக்குடிக் கொய்யாப்பழம் ஒரு பை வாங்கிக்கொண்டேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அண்ணே, நான்தான் சொன்னேன். அண்ணே, எனக்குத் தெரியாமலே சொன்னேன். நான் வந்து இன்ஜினீயரிடம் சொல்கிறேன், மறுபடி விசாரிக்கச் சொல்கிறேன்.

சந்துக்குள் ஓட்டு வீடு. வாசலில் ஒரு துணி தொங்கியது. அதற்குப் பின்னால் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது, அவ்வளவு பக்கம். நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் மனைவி துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கை விரல் நுனியெல்லாம் உப்பு அரித்துத் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று தன் உதட்டில் விரலை வைத்தார். துணிக்கு இந்தப் பக்கம் என்னைத் தள்ளி நிறுத்தி, என் காதோரம் பேசினார்.

"எனக்குத் தெரியும்மா. அவுக எங்கிட்ட மட்டும் சொல்லிட்டாக. வெளிய சொல்லக் கூடாதுன்னு பிள்ளைக மேல சத்தியம் வாங்கிட்டாக. அந்தப் புள்ளைய நம்பி ஒரு வீடு இருக்கு, என் காலு போனது போனதுதானேன்னாக."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"பேசாதீங்க. உங்க மேல கோவம் இல்லைம்பாக. நான் கேட்டுட்டேன், இல்லைன்னுதான் சொல்றாக. ஆனா உங்க கொரல மட்டும் கேக்க முடியாதாம். என்னைக்காச்சும் வந்தா, வாசல்லயே பேச வேணாம்னு சொல்லி அனுப்பிருன்னு சொல்லி வச்சிருக்காக. இத்தன நாளா நீங்க வராம இருந்ததே நல்லதுன்னு இருந்தேன்மா."

உள்ளே கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"யாரு வந்தது?" என்று கேட்டார். எத்தனையோ நாள் காலையில் என் காதுக்குள் கேட்ட அதே குரல்.

அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

"யாரும் இல்லைங்க" என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னார்.

கொய்யாப்பழப் பையைச் சத்தம் இல்லாமல் கீழே வைத்தேன். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவுக்கு இறங்கினேன்.